கடினமான லெகோ செட்களைக் கட்டி முடிக்க ஒரு மெய்ப்புத் திருத்துபவரின் வழிமுறை

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் துண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஒரு லெகோ செட் கடினமா சுலபமா என்று பெரும்பாலோர் முடிவு செய்கிறார்கள். மேசையில் எவ்வளவு இடம் அடைக்கும், எத்தனை நாள் அது அங்கேயே கிடக்கும் என்று அந்த எண் சொல்லும். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள். 2021இல் வந்த உலக வரைபட செட்டில் 11,695 துண்டுகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் படிக்கத் தெரிந்த குழந்தைகூடப் பொறுமையிருந்தால் அதை முடித்துவிடும். 2018இல் வந்த புகாட்டி சிரோன் காரில் 3,599 துண்டுகள்தான். ஆனால் அதன் கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரம் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தால், வழிமுறைப் புத்தகத்தில் இருநூறு பக்கம் தாண்டிய பிறகுதான் உங்களுக்கே தெரியவரும். அப்போது கார் பாதி உருவாகி, கதவெல்லாம் மாட்டிப் பளபளவென்று நிற்கும்.

என் தொழில் மெய்ப்புத் திருத்துவது. ஒரு தாளையும் இன்னொரு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கே வித்தியாசப்படுகிறது என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பெரிய லெகோ செட் கட்டுவதில் பாதிக்கு மேல் அதே வேலைதான் என்பது என் எண்ணம். கைத்திறன் கொஞ்சம் போதும், ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கம் நிறைய வேண்டும். அதனால் இந்தக் குறிப்புகளில் எந்தத் துண்டு எங்கே போகும் என்பதைவிட, போட்டது சரிதானா என்று எப்படிப் பார்ப்பது என்பதே அதிகம் இருக்கும்.

கடினம் நான்கு விதமாக வருகிறது என்பது என் கணக்கு. முதலாவது அலுப்பு, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டியிருப்பது. அடுத்தது நிறம்: எல்லாத் துண்டும் சாம்பலாகவோ வெள்ளையாகவோ இருந்து கண்ணைச் சோதிப்பது. மூன்றாவது மறைவு. உள்ளே வைத்து மூடிவிடுகிற பல்சக்கரமும் கம்பியும் இதில் சேரும். கடைசியாக, துண்டுகளின் மேலே இருக்கிற குமிழ்கள் ஒன்றின் மேல் ஒன்று நேராக உட்காராமல் சாய்ந்தும் வளைந்தும் நிற்கிற கட்டுமானம். வாங்கும்போதே எது உங்கள் செட்டின் கஷ்டம் என்று தெரிந்துகொண்டால் பாதித் தயாரிப்பு முடிந்தது.

கட்டுவதற்கு முன்னால்

பைகளுக்கு எண் போட்டிருந்தால் அந்த எண் வரிசையை மீறாதீர்கள். ஒரே எண்ணில் மூன்று நான்கு பைகள் இருக்கும்; அத்தனையையும் ஒன்றாகத் திறக்க வேண்டும். பெரிய பைக்குள் சின்னத் துண்டுகள் போட்ட குட்டிப் பை ஒன்று ஒளிந்திருக்கும், அதைப் பார்க்காமல் பையைக் குப்பையில் போடுகிறவர்கள் ஏராளம். காலிப் பைகளை அந்த எண் முடியும்வரை தூக்கிப் போட வேண்டாம். பழைய பெரிய செட்களில் பைகளுக்கு எண்ணே இருக்காது. அவற்றை யாரிடமாவது வாங்கினால் முதலில் எல்லாவற்றையும் வகை பிரித்துத்தான் ஆகவேண்டும்.

வகை பிரிக்கும்போது நிறவாரியாகப் பிரிக்கத்தான் கை போகும். வேண்டாம். ஒரு குவியலுக்குள் சிவப்பைக் கண் தானாகக் கண்டுபிடிக்கும். ஆனால் சிவப்புக் குவியலுக்குள் இருக்கிற ஒரு குறிப்பிட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்க நேரமாகும். வடிவவாரியாகப் பிரித்தால் தேடும் நேரம் குறையும். கட்டியான பிரிக் ஒரு தட்டு, தட்டையான பிளேட் ஒரு தட்டு, மேலே குமிழ் இல்லாத டைல் ஒரு தட்டு, சாய்வுத் துண்டுகள் ஒரு தட்டு, துளைகளை இணைக்கிற பின் என்னும் சிறு முளைகளும், ஆக்சில் என்னும் சுழலும் தண்டுகளும் தனித்தனி, மிச்சமெல்லாம் ஒன்று. நான் விளிம்பு உயர்ந்த ஆழமில்லாத தட்டுகளைப் பயன்படுத்துகிறேன். கிண்ணத்தில் போட்டால் அடியில் இருப்பது கண்ணில் படாது.

வெளிச்சம் முக்கியம். மஞ்சள் விளக்கில் கறுப்பும் கருநீலமும் கரும்பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும். வெள்ளை வெளிச்சம் தரும் மேசை விளக்கைத் தலைக்கு நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். குமிழ்களின் நிழல் ஒரு பக்கமாக விழும், எண்ணுவது சுலபம். அச்சிட்ட புத்தகத்தில் கறுப்புத் துண்டுகளின் கோடு சரியாகத் தெரியவில்லை என்றால், அதே புத்தகம் கம்பெனியின் தளத்திலும் செயலியிலும் இலவசமாக இருக்கிறது. திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

மேசை கெட்டியாக இருக்கட்டும். மெத்தையிலோ விரிப்பு மேலோ வைத்து அழுத்தினால் அடியில் இருக்கிற பிளேட் வளைந்து, மேலே போட்டது பாதிதான் உட்காரும்.

ஒவ்வொரு படியிலும் சரிபார்ப்பது

இதுதான் என் முறையின் நடுநாயகம், மற்றதெல்லாம் அப்புறம். புத்தகத்தின் ஒவ்வொரு படியிலும் ஒரு மூலையில் சிறு கட்டத்துக்குள் அந்தப் படிக்கு வேண்டிய துண்டுகளைப் போட்டிருப்பார்கள். அவற்றை மட்டும் எண்ணி எடுத்து ஒரு மூடியில் வையுங்கள். தட்டிலிருந்து நேராக எடுத்து மாட்டக்கூடாது. படி முடிந்ததும் மூடி காலியாக இருக்க வேண்டும். ஒன்று மிஞ்சினால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. ஒன்று பற்றாமல் போனால் ஓர் இடத்தில் அதிகமாகப் போட்டுவிட்டீர்கள். இவ்வளவு எளிமையான ஏற்பாட்டைப் பலர் செய்வதில்லை, நேரமாகிறது என்கிறார்கள். பின்னால் போய்ப் பிரித்துப் பார்க்கிற நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அடுத்து, மாடலைப் படத்தில் இருக்கிற கோணத்துக்கே திருப்பி வையுங்கள். மனதுக்குள் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், அங்கேதான் இடம் வலமாகும். திருப்பிய பிறகு, போட்ட துண்டைப் பார்க்காதீர்கள். அதைச் சுற்றிக் காலியாக இருக்கிற குமிழ்களை எண்ணுங்கள். விளிம்பிலிருந்து நகத்தால் தொட்டு எண்ணினால் இன்னும் நல்லது. மெய்ப்பிலும் இதே கதைதான். இருக்கிற எழுத்தைக் கண் தானாகச் சரியென்று படித்துவிடும், இல்லாத இடத்தைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

அப்புறம், இடதுக்கும் வலதுக்கும் கண்ணாடிப் பிம்பம் போல இரண்டு பகுதிகள் வரும் இடங்கள். புத்தகத்தில் இரண்டு முறை செய்யச் சொல்லியிருக்கிறதா, அல்லது இரண்டையும் தனித்தனியாகக் காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனியாகக் காட்டியிருந்தால் நிச்சயம் ஏதோ ஒரு சின்ன வேறுபாடு உண்டு. இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டவைத்துப் பார்த்தால் பிசகு உடனே தெரியும்.

ஒவ்வொரு எண்ணுள்ள பையும் முடியும்போது தட்டில் சில துண்டுகள் மிஞ்சும். ஒரு குமிழ் பிளேட், சின்ன டைல், பின் மாதிரிப் பொடித் துண்டுகள் மிஞ்சினால் கவலை இல்லை, தொலைந்துவிடும் என்று கூடுதலாகவே போட்டிருப்பார்கள். ஒரு பெரிய துண்டு மிஞ்சினால் அடுத்த பையைத் திறக்காதீர்கள்.

டெக்னிக்: மூடிய பிறகு தெரியவரும் தவறுகள்

என்னைக் கேட்டால் லெகோவில் உண்மையிலேயே கடினமானவை, பல்சக்கரமும் ஆக்சிலும் வைத்து நிஜமாக இயங்கும்படி கட்டுகிற டெக்னிக் வகை செட்கள்தான். கட்டடமாக இருந்தால் தவறு வெளியே தெரியும், தெரியாவிட்டால் அதனால் கெடுதலும் இல்லை. வண்டியில் அப்படி இல்லை. புகாட்டியில் ஸ்டீரிங்குக்குப் பின்னால் இருக்கிற நெம்புகோலைத் தட்டினால் எட்டு கியரும் வரிசையாக மாறும். 16 சிலிண்டர் எஞ்சினின் பிஸ்டன்கள் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். 2019இல் வந்த லீபெர் ஆர் 9800 தோண்டும் இயந்திரத்தில் 4,108 துண்டுகளும் ஏழு மோட்டார்களும். இரண்டிலும் வெளிக்கூடு போட்டபின் உள்ளே விரல் நுழையாது.

முதலில் பின்களின் நிறத்தைக் கவனியுங்கள். இரண்டு அலகு நீளமுள்ள கறுப்புப் பின் இறுக்கிப் பிடிக்கும். அதே நீளத்தில் வெளிர் சாம்பல் நிறப் பின் பிடிக்காமல் லேசாகச் சுழலும். மூன்று அலகு நீளத்தில் நீலம் இறுக்கும், வெளிர் மண்நிறம் சுழலும். சுழல வேண்டிய மூட்டில் கறுப்பைப் போட்டுவிட்டால் எதுவும் உடையாது, பார்க்கவும் சரியாக இருக்கும். ஆனால் ஸ்டீரிங் கல்லாக இறுகிப்போகும். ஏன் என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆகும்.

ஆக்சில் நீளத்தில் தவறுவது அடுத்த வாடிக்கை. புத்தகத்தில் ஓர் எண்ணும் அசல் அளவில் ஒரு படமும் இருக்கும். அதன் மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நான் பக்கத்தில் ஒரு நீண்ட பீமை, அதாவது வரிசையாகத் துளைகள் உள்ள சட்டத்தை, வைத்துக்கொள்வேன். ஆக்சிலை அதன் மேல் படுக்கவைத்தால் எத்தனை துளையை மறைக்கிறதோ அதுதான் அதன் நீளம். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவில் 8 மில்லிமீட்டர், குமிழ்களுக்கு நடுவிலும் அதே அளவு. பெரும்பாலும் இரட்டைப்படை நீளங்கள் கறுப்பு, ஒற்றைப்படை சாம்பல் என்பது கூடுதல் துணை.

ஆக்சிலின் குறுக்குவெட்டு கூட்டல் குறி மாதிரி இருக்கும். படத்தில் அது நேராக நிற்கிறதா, பெருக்கல் குறியாகச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் எப்படி இருந்தாலும் ஒன்றும் ஆகாது. பிஸ்டனை இயக்கும் தண்டிலும் கியர் மாற்றும் தண்டிலும் அது முழுக்க முழுக்க முக்கியம்; கோணம் மாறினால் கியர்களின் வரிசையே மாறிவிடும்.

இனி உராய்வு. பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆக்சில் நழுவாமல் இருக்க ஒரு சிறு வளையம் மாட்டுவோம். அதைப் பீமோடு இறுக அழுத்தினால் ஆக்சில் சுழலத் திணறும். ஓர் இடத்தில் என்றால் தெரியாது. அப்படி இருபது இடங்கள் சேர்ந்தால் மோட்டார் முனகும், சக்கரத்தைத் தள்ளினால் பல்சக்கரங்கள் 'டக் டக்' என்று எகிறும். வளையத்தை மாட்டும்போது பீமுக்கும் அதற்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து அழுத்துவேன். பிறகு காகிதத்தை உருவிவிட்டால் தேவையான இடைவெளி கிடைத்துவிடும். மெய்ப்புத் தாளின் ஓரத்தில் கிழித்த சீட்டு இதற்குக் கச்சிதமான தடிமன்.

கியர்பாக்ஸ் முடிந்து, அதை வண்டிச் சட்டத்துக்குள் வைக்கும் படி வந்ததும் நிறுத்துங்கள். புத்தகத்தை மூடி வையுங்கள். உள்ளே வரும் ஆக்சிலை விரலால் சுற்றுங்கள். வெளியே போகும் ஆக்சிலில் இருக்கிற பல்சக்கரத்தின் ஒரு பல்லில் சின்னச் சீட்டு ஒட்டிக்கொண்டால் சுற்றுகளை எண்ணலாம். முதல் கியரில் உள்ளே பத்துச் சுற்று சுற்றி வெளியே எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். கியரை ஒன்று தள்ளி மறுபடியும் பத்து. வெளியே வரும் சுற்று ஒவ்வொரு கியருக்கும் ஏறிக்கொண்டே போகவேண்டும். நடுவில் எங்காவது இறங்கினால், அல்லது இரண்டு கியருக்கு ஒரே எண்ணிக்கை வந்தால், உள்ளே ஒரு பல்சக்கரம் இடம் மாறியிருக்கிறது. எந்த கியரிலாவது மொத்தமாகப் பூட்டிக்கொண்டால் ஒரே நேரத்தில் இரண்டு கியர்கள் சேர்ந்து இழுக்கின்றன என்று பொருள். கியர் மாற்றும் தண்டின் கோணத்தை முதலில் பாருங்கள். கால் மணி நேர வேலை. இதைத் தாண்டிவிட்டால் மிச்சக் கார் வெறும் உடம்புதான்.

மோட்டார் உள்ள செட்டில் இதோடு கம்பிகளும் சேரும். பேட்டரிப் பெட்டியில் ஒவ்வொரு துளைக்கும் எழுத்து போட்டிருக்கும்; தவறான துளையில் செருகினால் வாளியைத் தூக்கச் சொன்னால் வண்டி திரும்பும். கம்பியின் இரு முனையிலும் ஒரே எழுத்தைச் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டு, உடல் பகுதியை மூடும் முன் செயலியை இணைத்து ஒவ்வொரு மோட்டாரையும் தனியாக ஓட்டிப் பாருங்கள். பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் கம்பி தொங்கக்கூடாது.

டெக்னிக்கில் சேராவிட்டாலும் இதே குணமுள்ள ஒரு செட், 2020இல் வந்த பெரிய பியானோ. 3,662 துண்டுகள், அழுத்தினால் அசைகிற 25 கட்டைகள். ஒவ்வொரு கட்டையையும் செய்ததும் தனியாக மேசையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். வரிசையில் சேர்த்த பிறகு நடுவில் ஒன்று சிக்கினால் அதை மட்டும் எடுப்பது பெரும்பாடு.

அலுப்பை எப்படிக் கையாள்வது

கொலோசியம் 9,036 துண்டுகள், 2020. ஐஃபெல் கோபுரம் 10,001 துண்டுகள், 2022. நிறுத்தினால் கோபுரம் 149 சென்டிமீட்டர் உயரம். இந்த இரண்டிலும் ஒரு படிகூடப் புரியாமல் போகாது. கொலோசியத்தில் வளைவுக்குப் பிறகு வளைவு, அதற்குப் பிறகும் வளைவு. நாற்பதாவது வளைவில் மனம் எங்கோ போயிருக்கும், கை மட்டும் போட்டுக்கொண்டிருக்கும். அங்கேதான் பிழை புகும்.

ஒரே மாதிரிப் பகுதி பல வரும்போது, முதல் ஒன்றை மட்டும் முழுக்கச் செய்து, எல்லாப் பக்கமும் சரிபார்த்து, கண்ணெதிரே நிறுத்திவைக்கிறேன். அதுதான் மூலப்படி. பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக முடிக்காமல், எல்லாவற்றுக்கும் அடித்துண்டு, எல்லாவற்றுக்கும் இரண்டாம் துண்டு என்று வரிசை வரிசையாக ஏற்றிக்கொண்டு போவேன். கை வேகம் பிடிக்கும்; ஒன்றில் மட்டும் ஏதாவது விட்டுப்போனால் வரிசையில் குட்டையாகத் தனித்துத் தெரியும். ஆனால் ஒரே உட்காரலில் நான்கைந்துக்கு மேல் இப்படி அடுக்க வேண்டாம், எட்டு பத்து என்று ஆரம்பித்தால் மேசையே குழம்பிவிடும்.

ஐஃபெல் கோபுரத்தில் கவனிக்கவேண்டியது நான்கு கால்களின் அடிப்பகுதி. அங்கே ஒரு பின் அரைகுறையாக நுழைந்திருந்தாலும் மேலே போகப் போகச் சாய்வு கூடும். கால்களை ஒன்றாகச் சேர்க்கும் முன் ஒவ்வொன்றையும் சமதளத்தில் நிறுத்தி ஆடுகிறதா என்று பாருங்கள். நான்கு பகுதிகளாகப் பிரியும்படி வடிவமைத்திருப்பதால் தூக்கும்போது பிரித்தே தூக்குங்கள். உண்மையான கோபுரத்தில் 18,038 இரும்புத் துண்டுகளும் 25 லட்சம் ரிவெட்டுகளும் இருக்கின்றனவாம். அதோடு பார்த்தால் துண்டுக் கணக்கில் பாதிக்கு மேல் நாமே மேசையில் செய்துவிடுகிறோம். அலுக்கும்போது நான் இதை நினைத்துக்கொள்வேன்.

உலக வரைபடத்துக்கு வேறு உபாயம். ஒரு பக்கம் 16 குமிழ் கொண்ட சதுரப் பலகைகள் நாற்பது, பலகைக்கு 256 சின்ன வட்ட டைல்கள். ஒவ்வொரு குமிழுக்கும் புத்தகத்தில் நிற எண் உண்டு. எனக்கு அச்சகப் பழக்கம் இங்கே கைகொடுத்தது: மூலத்தை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் மெய்ப்பைப் பார்ப்பது. என் தங்கை மகன் வாசிப்பான், நான் வைப்பேன். "ஏழு ஏழு ஏழு ஏழு மூணு ஏழு ஏழு" என்று ஒரு மாதிரி ராகம் போட்டு இழுத்துவிட்டு, நடுநடுவே "பெரியம்மா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்பான். பிறகு "ஏழு நாலு தடவை, மூணு ஒண்ணு, ஏழு ரெண்டு" என்று கூட்டாகச் சொல்ல ஆரம்பித்தான். இது நல்ல முறை, ஏனென்றால் வரிசை முடிந்ததும் அவன் சொன்ன எண்ணிக்கைகளைக் கூட்டினால் 16 வரவேண்டும். வராவிட்டால் அந்த வரிசையை மட்டும் பார்த்தால் போதும். கடலின் நிறங்களை உங்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம் என்பதால், களைத்துப்போகும் நாளில் நிலத்தை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடலாம்.

ஒரே நிறம், சாய்ந்த சுவர்

ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் மில்லேனியம் ஃபால்கன் விண்கலம், 2017இல் வந்த பெரிய பதிப்பு, 7,541 துண்டுகள், 84 சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய அத்தனையும் சாம்பல். அதற்கு முன்பு பல ஆண்டுகள் துண்டுக் கணக்கில் முதலிடத்தில் இருந்தது 2008இன் தாஜ்மகால், 5,922 துண்டுகள், அது வெள்ளை. இந்த மாதிரி செட்களில் வடிவவாரியாகப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு குமிழ் அகலத் துண்டுகளை மட்டும் இன்னும் நுணுக்கமாகப் பிரியுங்கள். கால் வட்டம், அரை வட்டம், துளை உள்ளது, துளை இல்லாதது எல்லாம் சாம்பலில் ஒன்றுபோலவே இருக்கும்.

ஃபால்கனின் மேல்தகடுகள் குமிழ் மேல் உட்காருவதில்லை. உள்ளே டெக்னிக் சட்டம் ஒன்று இருக்கிறது. தகடுகள் அதன் மேல் கொக்கிகளால் சாய்வாகத் தொங்கியும் சாய்ந்தும் நிற்கின்றன. சட்டம் கட்டும் முதல் பைகளில் ஒவ்வொரு பின்னும் கழுத்துவரை நுழைந்ததா என்று அழுத்திப் பாருங்கள், பின்னால் அதைத் தொட முடியாது. தகடுகளுக்கு நடுவே தெரியும் இடைவெளியைச் சமமாக்கக் கொக்கியை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தலாம். இதைக் கடைசியில் ஒரே மூச்சில் செய்யுங்கள், நடுவில் செய்தால் தூக்கி வைக்கும்போதெல்லாம் கலையும். தூக்குவது எப்போதும் அடிச்சட்டத்தைப் பிடித்துத்தான்.

பக்கவாட்டில் படுத்துக் கட்டிய சுவர்கள் வரும் இடத்தில் ஒரு கணக்கு தெரிந்திருந்தால் நல்லது. பிளேட்டின் தடிமன் 3.2 மில்லிமீட்டர், குமிழ்களுக்கு நடுவே 8. ஐந்து பிளேட்டை அடுக்கினால் 16, அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். பக்கவாட்டுத் துண்டு உள்ளே போக மறுத்தால் அல்லது லொடலொடவென்று ஆடினால், அடுக்கை எண்ணுங்கள். நான்கோ ஆறோ போட்டிருப்பீர்கள். டைட்டானிக் கப்பலில் (2021, 9,090 துண்டுகள்) இது அடிக்கடி வரும். 135 சென்டிமீட்டர் நீளக் கப்பல் மூன்று துண்டாகப் பிரியும், மூன்றும் சேரும் இடத்தில் கோடு தெரியாமல் இருக்கவேண்டும் என்றால் விளிம்புத் துண்டுகள் ஒன்றுகூடத் தூக்கி நிற்கக்கூடாது. பின்பக்க உந்திகளைச் சுற்றினால் உள்ளே எஞ்சினின் பிஸ்டன் அசையும். ஆகவே நான் மேலே டெக்னிக் பற்றிச் சொன்ன விரல் சோதனை இந்தக் கப்பலுக்கும் உண்டு. பாய்மரங்களுக்கு நடுவே கட்டும் நூலைக் கடைசியில் கட்டுங்கள், இல்லாவிட்டால் சட்டைக் கையில் மாட்டிக்கொண்டே இருக்கும்.

தவறு நடந்துவிட்டால்

பதறிப்போய் மேலிருந்து எல்லாவற்றையும் பிய்க்க வேண்டாம். ஒவ்வொரு பை முடிவிலும் நான்கு பக்கமும் போனில் படம் எடுத்து வைத்திருந்தால், எந்தப் பைவரை சரியாக இருந்தது என்று உடனே தெரியும். அந்தப் பைக்குப் பிறகு வந்த படிகளை மட்டும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பிழை எங்கே என்று தெரிந்த பிறகு, அதற்கு மேல் இருப்பதைத் தனித்தனித் துண்டாகக் கழற்றாமல் மொத்தக் கட்டாகத் தூக்கி எடுங்கள். பெரும்பாலும் கீழிருந்து தள்ளினால் ஒரு தளம் அப்படியே வந்துவிடும்.

ஆரஞ்சு நிறப் பிரிப்பான் பெரிய செட்களோடு வரும். அதன் மேல்புற முனையால் ஆக்சிலைத் துளையிலிருந்து தள்ளி எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இரண்டு பிளேட்டுகளை நகத்தாலும் பல்லாலும் பிரிக்க வேண்டாம். மேல் பிளேட்டின் மீது ஒரு பிரிப்பானும் கீழ் பிளேட்டின் அடியில் இன்னொன்றும் மாட்டி, இரண்டின் பிடியையும் சேர்த்து அழுத்துங்கள்; பிரிந்துவிடும். ஒரு பிரிப்பான்தான் இருந்தால் மேல் பிளேட்டில் ஒரு பெரிய பிரிக்கை மாட்டி அதைப் பிடியாக வைத்து நெம்பலாம். பழைய செட்களின் செம்பழுப்புத் துண்டுகளிடம் மட்டும் கொஞ்சம் மென்மையாக இருங்கள், அவை சுலபமாக விரிசல் விடும்.

துண்டு உண்மையிலேயே இல்லை என்றால் முதலில் காலிப் பைகளையும், அப்புறம் மாடலையும் தேடுங்கள். ஒரே வடிவத் துண்டை வேறு நிறத்தில் தவறாக முன்பே எங்காவது போட்டிருப்பது சாதாரணமாக நடப்பதுதான். அங்கேயும் இல்லையென்றால் கம்பெனியின் வாடிக்கையாளர் பக்கத்தில் செட் எண்ணையும் துண்டு எண்ணையும் கொடுத்துக் கேட்கலாம். புதிய செட்டில் விடுபட்ட துண்டைக் காசு வாங்காமல் அனுப்புவார்கள். துண்டு எண் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பட்டியலாக இருக்கும். அது வரும்வரை அதே அளவில் வேறு நிறத் துண்டைத் தற்காலிகமாகப் போட்டுவிட்டு மேலே போகலாம், ஆனால் வெளியே எடுக்க முடிகிற இடமாக இருந்தால் மட்டும்.

எதிலிருந்து தொடங்குவது

பெரிய செட் இதுவரை கட்டாதவர் நேராக ஃபால்கனுக்குப் போகவேண்டாம் என்றே சொல்வேன். 2021இல் வந்த தட்டச்சு இயந்திரம் நல்ல வாசல். 2,079 துண்டுகள், விசையை அழுத்தினால் உள்ளே ஒரு கம்பி எழும்பும். மறைந்த இயந்திரமும் இருக்கிறது, அளவும் கைக்குள் அடங்குகிறது. அதற்குப் பிறகு உங்களுக்கு இயந்திரம் பிடித்ததா, தோற்றம் பிடித்ததா என்று தெரிந்துவிடும். இயந்திரம் என்றால் 2016இன் போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் (2,704 துண்டுகள்), அப்புறம் புகாட்டி. தோற்றம் என்றால் கொலோசியத்தைத் தள்ளிவைத்துவிட்டு டைட்டானிக். அதில் ஒவ்வொரு பையிலும் புதிதாக ஏதாவது வரும். அலுப்பே ஓய்வாக இருக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு ஐஃபெலும் உலக வரைபடமும்.

கடைசியாகப் பிரித்துவைப்பது பற்றி. இடம் போதாமல் கலைக்கவேண்டி வந்தால் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னுக்குப் புரட்டிக்கொண்டே கழற்றுங்கள். எந்த எண் பையில் வந்ததோ அதே எண்ணுள்ள உறையில் போட்டு, உறையின் மேல் செட் எண்ணையும் பை எண்ணையும் எழுதிவிடுங்கள். வெள்ளைத் துண்டுகள் வெயில் பட்டால் மஞ்சளாகும், பெட்டியை ஜன்னலோரம் வைக்க வேண்டாம். மேசையில் ஒட்டிக் கிடக்கும் சீட்டுகளையும் எடுத்துவிட்டு, பல்சக்கரப் பல்லில் ஒட்டிய அந்தச் சின்னச் சீட்டையும் மறக்காமல் உரித்துவிடுங்கள். பசை காய்ந்தால் அடுத்த முறை பல் இறுகும்.